பன்னிரண்டாம் படத்துத் துரை

தும்பிமட்டம் பேருந்து நிலையத்தின் நடுவே ஒரு துரை கோல்ஃப் மட்டையைத் தலைக்கு மேல் தூக்கியபடி வந்து நின்ற வருஷத்தில், மலையில் கேரட் நன்றாக விளைந்திருந்தது, நகராட்சிக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, ஊரில் யாருக்கும் பெரிய குறை என்று எதுவும் இல்லாததால் அந்தத் துரையைப் பற்றி ஆற அமர யோசிக்க எல்லோருக்கும் நேரம் இருந்தது. காலை முதல் பேருந்து கிளம்பிப் போனதும், அது நின்றிருந்த இடத்தில் அவர் நின்றார். தொப்பி, முழங்காலுக்குக் கீழே சுருக்கிக் கட்டிய கால்சட்டை, முறுக்கிய மீசை, எல்லாமே சாம்பல் நிறம். கிட்டே போய்ப் பார்த்தால் பழைய செய்தித்தாளில் வரும் படத்தைப்போல உடம்பு முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தார். காலடியில், தார்த்தரையில், ஒரு வெள்ளைப் பந்து. மட்டை பின்னால் போய்த் தோளுக்கு மேலே நின்றுவிட்டது, இடது குதிகால் தரையைவிட்டு எழும்பியிருந்தது, கண் பந்தை விட்டு அசையவில்லை. மூச்சை இழுத்திருந்தார், இன்னும் விடவில்லை.

நேரக்காப்பாளர் லூர்துசாமி விசில் ஊதிப் பார்த்தார். துரை நகரவில்லை. அடுத்த பேருந்து வந்தது; ஓட்டுநர் துரையைப் பார்த்தார், லூர்துசாமியைப் பார்த்தார், வண்டியைக் கொஞ்சம் ஒடித்துச் சுற்றிக்கொண்டு போய் நிறுத்தினார். அதோடு அந்த விஷயம் முடிந்தது. அன்று மத்தியானம் தூறல் விட்டபோது யாரோ ஒருவர் நனைந்த குடையை மடக்கி, மாட்ட இடம் தேடி, துரையின் மட்டையில் மாட்டினார்.

எதிரே கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்த தணிகாசலத்துக்கு மட்டும் அது எங்கேயோ பார்த்துப் பழகிய மீசையாகத் தெரிந்தது. மூக்குக் கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்த ஆளை அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டு மேட்டுத் தெருவில் இருக்கும் தன் வீட்டுக்கு ஓடினார், புத்தக அறையைத் திறந்தார், பச்சைத் துணி அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்துப் பன்னிரண்டாம் படத்தைப் பிரித்தார். படத்தில் புல் இருந்தது, புல்லின்மேல் ஒரு நிழலும் இருந்தது, நிழலுக்குச் சொந்தக்காரரைத்தான் காணோம்.

தணிகாசலம் வாழ்நாளில் கோல்ஃப் மட்டையைத் தொட்டவரில்லை, தொட வேண்டும் என்று ஆசைப்பட்டவருமில்லை. ஆனால் கோல்ஃப் ஆடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் பழைய புத்தகம் எங்கே இருந்தாலும் அது அவருக்கு வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களைக் காலி செய்தபோது பழைய பேப்பர் கடைக்கு வந்த மூட்டையில் முதல் புத்தகம் கிடைத்தது. மட்டையை எப்படிப் பிடிப்பது, எங்கே நிற்பது, எப்போது மூச்சு விடுவது என்று ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு இத்தனை பொறுமையாகச் சொல்லியிருப்பதைப் பார்த்து அவர் சொக்கிப்போனார். அப்புறம் ஊர் ஊராக எழுதிப்போட்டு, தேசம் தேசமாக விசாரித்து, அறை நிறையச் சேர்த்தார். மலைப்பனி உள்ளே வந்தால் காகிதம் பூஞ்சை பிடிக்கும் என்று பள்ளத்தாக்கைப் பார்த்த பெரிய சன்னலைச் சாத்தி ஆணி அடித்தார். அது அந்த வீட்டின் ஒரே நல்ல சன்னல். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சன்னலில் நின்றுதான் அவர் மனைவி கோமளா தலை துவட்டுவாள், காபி குடிப்பாள், கீழே மேகம் போவதைப் பார்ப்பாள். ஆணி அடித்த பிறகு எத்தனையோ தரம், "ஏங்க, அந்தச் சன்னலை ஒரு நாளாவது திறங்களேன்" என்று கேட்டுவிட்டாள். அவர், "பார்க்கலாம்" என்பார். அந்த வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம்.

பச்சை அட்டைப் புத்தகம் அவர் சேகரிப்பிலேயே மகுடம். அந்தக் காலத்தில் பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, மடிப்போடு தைத்துவிடுவார்கள். வாங்கியவர்தான் கத்தி வைத்து மடிப்பை அறுத்து அறுத்துப் படிக்க வேண்டும். இந்தப் புத்தகத்தை முதலில் வாங்கிய யாரோ ஒருவர் பன்னிரண்டாம் படம்வரை அறுத்துப் படித்திருக்கிறார், அப்புறம் அலுத்துவிட்டதோ ஆயுசு முடிந்துவிட்டதோ, மீதியை விட்டுவிட்டார். கத்தி படாத அந்த மடிப்புகள்தான் சேகரிப்பாளர்களுக்கு உயிர். "அறுத்தால் அது வெறும் புத்தகம்" என்று தணிகாசலம் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நாய் பெற்ற தெங்கம்பழம் என்று கோமளா சமையலறையில் சொல்வாள், அவர் காதில் விழும்படியாகத்தான்.

துரை மட்டையைத் தூக்கியது பன்னிரண்டாம் படத்தில், அதை இறக்குவது எப்படி என்று சொல்லும் பக்கம் மடிப்புக்குள்ளே. நூறு வருஷத்துக்கு மேல் தூக்கிய மட்டையோடு நின்றவருக்கு உள்ளே பொறுக்கவில்லை, வெளியே வந்துவிட்டார். இதைத் தணிகாசலம் கோமளாவிடம் மட்டும்தான் சொன்னார். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஊர் துரையை ஏற்றுக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். முதலில் நகராட்சி அவரை அப்புறப்படுத்தப் பார்த்தது. கயிறு கட்டி இழுத்ததில் கயிறு அறுந்தது, துரைக்குத் தொப்பிகூட நகரவில்லை. சரி என்று அவரைச் சுற்றி வட்டமாகக் கல் பதித்துக் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து, பேருந்துகள் இடப்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும் என்று பலகை வைத்தார்கள். மழை நாளில் குடைகளும் வெயில் நாளில் மஃப்ளர்களும் மட்டையில் தொங்கின. எங்கே சந்திக்கலாம் என்று கேட்டால் துரை காலடியில் என்றார்கள். பொங்கலுக்கு மட்டையின் நுனியிலிருந்து தேநீர்க் கடை ஓடுவரை வண்ணக் காகிதத் தோரணம் கட்டினார்கள். தோள்வலிக்காரர்கள் துரையின் தோளில் தைலம் தடவிவிட்டுத் தங்கள் தோளிலும் தடவிக்கொண்டார்கள். அப்புறம், பாதியில் நின்ற காரியம் உள்ளவர்கள் வர ஆரம்பித்தார்கள்: கூரை போடாத வீட்டுக்காரர், தீர்ப்பு வராத வழக்குக்காரர், நிச்சயத்தோடு நின்றுபோன கல்யாணத்தின் பெண் வீட்டார். துரையின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். காரியம் என்னவோ பாதியிலேயேதான் நின்றது, ஆனால் அதற்காக முன்போல யாரும் வருத்தப்படவில்லை.

தேநீர்க் கடை போஜன்தான் ஒரு நாள் நேரடியாகக் கேட்டார்.

"ஏனுங்க, அந்தப் பக்கத்தைக் கத்தியில ஒரு இழுப்பு இழுத்துவிட்டா அந்த மனுஷன் அடிச்சுட்டுப் போயிருவாருங்களே. எத்தனை நாளைக்குத்தான் தூக்கின கையோட நிப்பாரு?"

"போஜன், உனக்குத் தெரியாது. இப்படி அறுக்காம இன்னொரு பிரதி உலகத்துலயே இல்லை."

"இப்படி ஒரு துரையுந்தான் இல்லீங்க."

ஊரிலும் இரண்டு கட்சி இருந்தது. பாதிப் பேர் அறுக்கச் சொன்னார்கள். மீதிப் பேர், அறுத்தால் குடையை எங்கே மாட்டுவது என்றார்கள். தணிகாசலம் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தார், அதை அவரைப்போன்றவர்கள்தான் கண்டுபிடிக்க முடியும். மடிப்பை அறுக்காமலே பக்கத்தைக் குழல்போல வளைத்து, கடையில் கண் பரிசோதிக்கும் சின்ன டார்ச்சை உள்ளே அடித்து, தெரிகிற வரிகளைப் படித்துவிடலாம் அல்லவா? புத்தகத்தைப் பட்டுத் துணியில் சுற்றிப் பேருந்து நிலையத்துக்கே எடுத்துப்போய், துரையின் முன்னால் நின்று, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் குழலுக்குள் பார்த்து, ஆங்கிலத்தைத் தமிழாக்கி உரக்கச் சொன்னார்.

"இடது குதிகாலைத் தரையில் ஊன்றவும்."

துரையின் குதிகால் டக்கென்று தரையில் ஊன்றியது. கூட்டம் ஆ என்றது.

"இடுப்பு இலக்கை நோக்கித் திரும்பட்டும்."

இடுப்பு திரும்பியது. அதற்கு அடுத்த வரி, தோளையும் கையையும் பற்றிச் சொல்லும் வரி, மடிப்புக்குள் வளைந்து போய்விட்டது. தணிகாசலம் டார்ச்சை இப்படி அடித்தார், அப்படி அடித்தார், தெரியவில்லை. துரை கீழே ஒரு பக்கமும் மேலே ஒரு பக்கமுமாகத் திருகி, பிழிந்த வேட்டிபோல நின்றார். மீசை நடுங்கியது.

கூட்டத்தில் நின்ற கோமளா, "முன்னே சும்மா நின்னுட்டிருந்தாரு. இப்ப வலியோட நிக்கிறாரு. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றாள். தணிகாசலம் புத்தகத்தைத் துணியில் சுற்றினார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, குழலாக வளைத்ததில் பக்கத்தில் சுருக்கம் விழுந்திருக்குமோ என்று கவலையாக இருந்தது.

ஆனி பிறந்து பெருமழை பிடித்துக்கொண்டது. காகிதத்து ஆள் எத்தனை நாள் தாங்குவார்? துரையின் கால்சட்டையிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் வழிந்து சாக்கடைக்குப் போனது. தொப்பியின் விளிம்பு மங்கிற்று, காது எது கன்னம் எது என்று தெரியாமல் புள்ளிகள் கலைந்தன. கோமளா வீட்டிலிருந்து பெரிய குடையை எடுத்துக்கொண்டு போய்த் துரைக்குப் பிடித்தாள். கடை எதிரேதான் இருந்தது; தணிகாசலம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். அவள் துரையோடு பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறாள் என்று போஜனிடம் விசாரித்ததில், "சன்னல் பத்திங்க. அதுல நின்னா மேகம் எப்படித் தெரியும்னு சொல்லிட்டிருக்காங்க" என்றார்.

மழை நிற்கவில்லை, கோமளாவும் நகரவில்லை. சமைத்து வைத்துவிட்டுப் போவாள், விளக்கு வைக்கத்தான் திரும்புவாள். ஒரு நாள் அவள் சோறு பரிமாறும்போது தணிகாசலம் அவள் கட்டைவிரலைப் பார்த்தார். மஞ்சள் நிறம் போய்ச் சாம்பல் பூத்து, கிட்டே பார்த்தால் புள்ளி புள்ளியாக இருந்தது. அரக்குச் சேலையின் கரையும் சாம்பலாகியிருந்தது.

"என்ன கோமளா இது?"

"அவருகூட நின்னு நின்னு ஒட்டிக்கிச்சு போல. வலியெல்லாம் இல்லை." அவள் ரசத்தை ஊற்றினாள். "அந்தப் பக்கத்தை வெட்டிடுங்க. அந்த மனுஷன் கரைஞ்சு போயிருவாரு. நானும் குடையை விட்டுட்டு வர மாட்டேன்."

"வெட்டுறேன். கத்தி வரட்டும்."

"அருவாமணை இருக்கே?"

"அருவாமணையில வெட்டினா ஓரம் பிசிறு பிசிறா வரும். காகிதம் வெட்டுறதுக்குன்னே எலும்புக் கத்தின்னு ஒண்ணு இருக்கு, எழுதிப் போட்டிருக்கேன். வந்ததும் வெட்டிடுறேன்."

"சரி" என்றாள் கோமளா. அவள் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

கத்தி வருவதற்குள் கோமளாவின் கைகள் முழங்கைவரை அச்சுப் படமாகிவிட்டன. ஊர்க்காரர்கள் அதையும் கவனித்தார்கள், வருத்தப்பட்டார்கள், அவளுக்கும் சேர்த்து ஒரு டீ கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒரு முற்பகலில் தபாலில் கத்தி வந்தது. தணிகாசலம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய், கையைக் கழுவித் துடைத்து, கதவைச் சாத்தி, மேசைமேல் வெள்ளைத் துணி விரித்துப் புத்தகத்தை வைத்தார். பிறகு மடிப்புக்குள் கத்தியை நுழைத்து, தயிரில் கரண்டி இறங்குவதுபோல மெல்ல மெல்ல இழுத்தார். இடையில் நிறுத்தி ஓரத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு நார் பிசகவில்லை. அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பந்து அடிபட்ட சத்தத்தை ஊரே கேட்டது, ஆணி அடித்த சன்னலுக்குப் பின்னால் இருந்த அவர் ஒருவர் கேட்கவில்லை. துரை திருகிய உடம்பை ஒரே வீச்சில் அவிழ்த்தார், மட்டை சுழன்று மறு தோளுக்கு வந்தது, மஞ்சள் கயிறுகள் அறுந்து தெறித்தன, பந்து பள்ளத்தாக்குப் பக்கம் பறந்து மேகத்துக்குள் போயிற்று, கோமளா குடையைச் சாய்த்துக்கொண்டு, "அடடா, எவ்வளவு தூரம்!" என்றாள் என்று போஜன் பிற்பாடு சொன்னார். தணிகாசலம் வந்து சேர்ந்தபோது கல் வட்டத்துக்குள் யாரும் இல்லை, காய்ந்த தரை மட்டும் குடையளவு இருந்தது. லூர்துசாமி தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "ரெண்டு பேருமே படத்துக்குள்ள போயிட்டாங்க சார்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பி ஓடிப்போய்ப் பார்த்தால், பதின்மூன்றாம் படத்தில் துரை அடித்து முடித்து நிமிர்ந்து நின்றார். பக்கத்தில் கோமளா, மடக்கிய குடையோடு, பார்க்கிறவருக்கு முதுகு காட்டி, பந்து போன திக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் புல்வெளி, புல்வெளிக்கு அப்பால் பள்ளத்தாக்கு, அதன்மேல் மேகம். படத்தின் கீழே இருந்ததைத் தணிகாசலம் படித்தார்: அடித்த பந்துக்கு அதற்குமேல் நீங்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை. அவர் பக்கத்தின் ஓரத்தைப் பார்த்தார். அவ்வளவு சுத்தமாக அறுபட்டிருந்தது. இழுத்துக் கிழித்திருந்தால் ஒரு நொடி வேலை; அந்தக் கத்திக்காக இத்தனை நாள் காத்திராமல் இருந்திருந்தால் அந்தச் சாம்பல் அவள் விரலோடு நின்றிருக்கும். தன்னைத் தானே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போலிருந்தது, அழுகையும் வந்தது, அழுதார்.

கோமளா இல்லாததையும் ஊர் ஏற்றுக்கொண்டது. பூக்காரி வந்து படத்தின் பக்கத்தில் ஒரு முழம் மல்லிகை வைத்துவிட்டுப் போவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் புத்தகத்தின் எதிரே உட்கார்ந்து யார் வீட்டில் என்ன விசேஷம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள், முதுகு காட்டி நிற்கிறவளிடம் பேசுகிறோமே என்று யாரும் கூச்சப்படவில்லை. போஜன் ஒரு தரம் வந்து வெகுநேரம் படத்தைப் பார்த்தார்.

"நல்ல காத்தோட்டமான இடமாத்தான் இருக்குதுங்க" என்றார்.

அவர் போன பிறகு தணிகாசலம் அறையைச் சுற்றிப் பார்த்தார். பகலிலும் விளக்குப் போட வேண்டிய அறை. சுத்தியலை எடுத்து வந்து சன்னல் ஆணிகளைப் பிடுங்கினார். துருப்பிடித்த ஆணிகள் லேசில் வரவில்லை, விரலில் ரத்தம் வந்தது. கதவுகள் திறந்ததும் பள்ளத்தாக்கிலிருந்து பனி எழும்பி உள்ளே வந்து அலமாரி அலமாரியாக நுழைந்தது, காகிதங்கள் ஈரத்தில் பெருமூச்சு விட்டன. அவர் தடுக்கவில்லை. பச்சைப் புத்தகத்தைத் தூக்கிச் சன்னலோரம் வைத்தார், அவளுக்கும் தெரியட்டும் என்று.

பனிக்காற்றில் பக்கங்கள் புரண்டன. புத்தகத்தின் கடைசியில் இன்னும் ஒரு மடிப்பு அறுபடாமல் இருந்தது. பழக்க தோஷத்தில் அதைக் குழலாக வளைத்து உள்ளே பார்த்தார். சேலைக் கரை தெரிந்தது, நனைந்த செருப்பு தெரிந்தது, அது வருகிற செருப்பா போகிற செருப்பா என்று தெரியவில்லை. எலும்புக் கத்தி மேசைமேல்தான் இருந்தது. தணிகாசலம் விரலை மடிப்புக்குள் விட்டார், ஒரே இழுப்பாகக் கிழித்தார். பக்கம் கோணலும் மாணலுமாகப் பிய்ந்து, ஒரு ஓரம் கையோடு வந்துவிட்டது.

கடைசிப் படத்தில் துரை இல்லை. கோமளா இந்தப் பக்கமாகத் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தாள், வலது கால் எடுத்து வைக்கத் தூக்கியபடி இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் மங்கினாள், மறைந்தாள், புல்லில் நிழல் மட்டும் மிஞ்சிற்று. அதற்குப் பின் பக்கமே இல்லை, வெறும் அட்டைதான். பக்கம் இல்லாதவர்கள் எங்கே வந்து நிற்பார்கள் என்று தும்பிமட்டத்தில் தெரியாதவர் யார்? தணிகாசலம் குடையை எடுத்துக்கொண்டு மேட்டுத் தெருவில் ஓடினார்.

கல் வட்டத்துக்குள் கோமளா ஒற்றைக் காலில் நின்றாள், தலை முதல் கால்வரை சாம்பல் புள்ளியாக, மூச்சை இழுத்தபடி. ஊர் ஊர்தானே, அதற்குள் அவள் கையில் யாரோ ஒரு காய்கறிப் பையை மாட்டியிருந்தார்கள். தணிகாசலம் அதைக் கழற்றிக் கீழே வைத்தார். தூறல் விழ ஆரம்பித்தது, குடையை விரித்து அவள்மேல் பிடித்தார். போஜன் வந்து நின்றார், லூர்துசாமி வந்தார், வந்த பேருந்து சுற்றிக்கொண்டு போகாமல் அப்படியே நின்றது.

"படிங்க சார்" என்றார் லூர்துசாமி. "அன்னிக்குப் படிச்ச மாதிரி."

"படிக்கப் பக்கம் இல்லை லூர்து. புத்தகம் முடிஞ்சுபோச்சு."

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் அச்சடித்த வார்த்தைகளைச் சேர்த்து வைத்த மனிதருக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றும் வாயில் வரவில்லை. குடையில் மழை விழும் சத்தம் கேட்டது. கோமளாவின் கன்னத்தில் ஒரு புள்ளி கரைந்து வழிந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு வாய் வந்தது.

"கோமளா, சன்னலைத் திறந்துட்டேன்."

அவள் கால் தரையில் இறங்கியது. செருப்பிலிருந்து நிறம் ஏறிற்று; முதலில் கால் நகம், அப்புறம் அரக்குக் கரை, அப்புறம் மஞ்சள் பூசிய கை, கடைசியாக நெற்றிப் பொட்டு. இழுத்த மூச்சை விட்டாள், சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள், குடை பிடித்திருந்தவரின் ரத்தம் கட்டிய விரலைப் பார்த்தாள்.

"திறந்து போட்டுட்டா வந்தீங்க?" என்றாள். "சாரல் உள்ளே அடிக்குமே. புத்தகமெல்லாம் நனைஞ்சுபோகும்."

"நனையட்டும்" என்றார் தணிகாசலம்.

அவள் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போஜன் கடையில் அரை லிட்டர் பால் வாங்கிக்கொண்டாள். இருவரும் ஒரே குடையில், அவசரப்படாமல், மேட்டுத் தெருவில் ஏறிப் போனார்கள்.